முப்பது கேள்விகளுக்கு இரண்டு பேர் போட்ட மதிப்பெண்

போவன்பள்ளி
5 மே 2025, திங்கள்

அன்பு அத்தான்,

நேற்று ஆராதனை முடிந்து கமிட்டி அறையில் இருந்தவர்கள்: செயலர் ரஞ்சன், பொருளாளர், ஆண்கள் பக்கத்து உறுப்பினர் மூன்று பேர், பெண்கள் சங்கத்திலிருந்து கிரிஜா அக்கா. ஆக ஆறு. ஏழாவது நான். என்னை யாரும் அழைக்கவில்லை. டீ கொண்டுபோனவளை உட்காரச் சொன்னார்கள். உங்கள் நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. அதில் ரஞ்சனின் ஹெல்மெட் இருந்தது.

நீங்கள் தொண்டை சிகிச்சைக்கு வேலூர் போய் ஒரு வாரம் ஆகிறது. அதற்குள் எல்லோரும் தேதி கேட்கிறார்கள். ரஞ்சன் அவர் பாணியில்தான் பேசினார்.

"பாஸ்டரம்மா, டென்ஷன் நக்கோ, வேணாம். ஆனா ஜூன் எட்டு பெந்தெகொஸ்தே. ஏழு பசங்களுக்குத் திடப்படுத்தல். பேராயர் வர்றார். அன்னிக்கு நம்ம பாஸ்டர் வாயைத் திறக்கணுமா இல்லையா? இல்லேன்னா திருமண்டலத்துல இங்கே வேற ஆளைப் போட்டுடுவாங்க. இவருக்கு அவங்க ஆபீஸ்ல ஒரு மேசை, ஒரு பேனா. இந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. நான் சொல்றது ரைட்டா?"

"ரைட்டுதான்" என்றேன்.

பெரிய வெள்ளியன்று நடந்ததை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம், பதினொரு வருடமாக ஒரே ஆளாகச் செய்துவந்தீர்கள். இந்த வருடம் நான்காவதில் குரல் நின்றது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. மீதி மூன்றை ரஞ்சன் உங்கள் தாளைப் பார்த்து வாசித்தார். அதுவும் வக்கீல் நோட்டீஸ் வாசிப்பது மாதிரி.

உங்கள் போன் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நேற்று பதினான்கு அழைப்பு. எல்லாவற்றையும் எடுத்தேன். நீங்களே கொடுத்துவிட்டுப் போனது நல்லதாயிற்று, கையில் இருந்தால் மௌனமாவது ஒன்றாவது.

இனி எழுதப்போவதை இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

பிப்ரவரியில் செகந்திராபாத் கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள், நினைவிருக்கும். நம் குரலைப் பற்றி நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் முப்பது கேள்வி. பூஜ்யம் என்றால் ஒருபோதும் இல்லை, நான்கு என்றால் எப்போதும். நூற்றிருபதுக்கு நீங்கள் ஒன்பது போட்டீர்கள். தொண்டையில் வீக்கம் இருக்கிறது, ஆனால் உங்களுக்குச் சிரமம் தெரியவில்லையே என்று சொல்லி, தண்ணீர் நிறையக் குடியுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நீங்கள் லெந்து நோன்பு நாட்கள் முழுவதும் நிற்காமல் பேசினீர்கள்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் அதே தாளை ஜெராக்ஸ் எடுத்து, நாள்தோறும் குறித்துவைக்கும் என் ஆராதனை நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் மதிப்பெண் போட்டேன். எழுபத்தொன்று வந்தது. டாக்டரிடம் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் அவர் வேலூருக்கு எழுதினார். அங்கே உங்கள் கோப்பில் இரண்டு தாளும் இருக்கும். நீங்களாகப் பார்ப்பதற்கு முன் என்னிடமிருந்து தெரியட்டும்.

பத்தாவதோடு நின்றவள் போட்ட மதிப்பெண் என்று நினைப்பீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அகராதி பார்த்துத்தான் போட்டேன்.

ஜெபத்துடன்,
ஜெஸ்ஸி


வேலூர்
9 மே 2025

அன்பு ஜெஸ்ஸி,

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்பே பார்த்துவிட்டேன்.

இங்கே எனக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறவள் ரக்ஷிதா என்று ஒரு பெண். நம் மகள் அனுபமாவைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். கோப்பைப் புரட்டியவள் நிமிர்ந்து, "சார், ரெண்டு பேஷண்டோட பேப்பர் கலந்துபோச்சா? பேரு ஒண்ணுதான், ஆனா தொண்டை ரெண்டு மாதிரி தெரியுதே" என்றாள். பதினான்கு நாள் மௌனத்தில் அது பத்தாம் நாள். முணுமுணுக்கவும் கூடாது. பலகையில் எழுதிக்காட்டினேன்: 'இரண்டாவது என் மனைவி.' அவள் சிரிக்கவில்லை. உன் தாளை மேலே வைத்துக்கொண்டாள்.

இருபத்தாறு வருடம் குருத்துவத்தில் இருக்கிறேன். பாவ அறிக்கையை ஒருவருக்காக இன்னொருவர் சொல்ல முடியாது என்று சபைக்குப் போதித்தவன் நான். என் தாளை நீ நிரப்பலாமா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

நான் பொய் எழுதவில்லை. நீயே எடுத்துப் பார். 'நான் சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி மற்றவர்கள் கேட்கிறார்கள்.' பூஜ்யம். பதினொரு வருடத்தில் யாராவது பெஞ்சிலிருந்து எழுந்து, ஐயா, கடைசி வரி கேட்கவில்லை என்று சொன்னதுண்டா? 'இரைச்சலான இடத்தில் என் பேச்சு எடுபடுவதில்லை.' பூஜ்யம். நான் பேசும் இடத்தில் இரைச்சலே இருக்காது. 'போனில் பேசுவதைத் தவிர்க்கிறேன்.' பூஜ்யம். வருகிற போனை நீ எடுத்துவிடுகிறாய், நான் எங்கே தவிர்த்தேன்?

ஆராதனையில் சபை சேர்ந்து சொல்லும் மறுமொழியை எடுத்துக்கொள். முன்பெல்லாம் நான் ஒரு வரியை முடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த ஒன்றரை வருடமாக நான் முடிக்கும் முன்பே சபை பிடித்துக்கொள்கிறது. அவ்வளவு உற்சாகம். போதகரின் குரல் கேட்காத சபை அப்படியா சொல்லும்? அந்தச் சத்தம்தான் எனக்குச் சாட்சி.

எல்லாவற்றையும் விடு. இருபத்திரண்டாம் கேள்வி. 'என் குரலினால் வீட்டாரோடு குறைவாகப் பேசுகிறேன்.' நான் பூஜ்யம் போட்டேன். நீ நான்கு போட்டு, அதன் கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறாய். மற்றக் கேள்விகளில் கோடு இல்லை. இது என் தொண்டைக்குப் போட்ட மதிப்பெண்ணா, எனக்கா?

கமிட்டிக்கு இந்தத் தாளைப் பற்றித் தெரிய வேண்டாம். பதில் எழுது.

தேவசகாயம்


போவன்பள்ளி
14 மே 2025

அன்பு அத்தான்,

கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். கோபமாக வாசிக்க வேண்டாம். நானும் கோபமில்லாமல் எழுதப் பார்க்கிறேன். இதற்கு முன் எழுதிப்பார்த்த இரண்டு கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

உங்களிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னேன். போன வருடம் ஜூலையில் ஒரு முறை, கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு முறை. இரண்டு தடவையும் கையைக் காட்டினீர்கள், பிறகு பார்க்கலாம் என்று. அந்தக் கைதான் இருபத்திரண்டாம் கேள்வி.

நம் வீட்டில் எவர்சில்வர் டம்ளரை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் காபி. எப்போது ஆரம்பித்தது என்று நோட்டில் தேடினேன். 2023 லெந்துக்குப் பிறகு. சனிக்கிழமை முழு மௌனம், ஞாயிற்றுக்காக. பிறகு வெள்ளி சாயங்காலமும் சேர்ந்துகொண்டது. யாருக்காவது அடக்க ஆராதனை இருந்தால் அதற்கு முந்தின நாளும். குடும்ப ஜெபத்தை நான் நடத்துகிறேன். நீங்கள் ஆமென் சொல்லும்போது தலையை அசைக்கிறீர்கள். ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆலயத்துக்கு வேண்டுமே என்று நானும்தான் நினைத்தேன்.

அனுபமா இதைக் கேலியாக்கிவிட்டாள். "டாடி சண்டே மட்டும்தான் ஆன் ஆவார். வதிலேய் மம்மி, விட்டுடு, ஃபீல் ஆகாதே" என்பாள். ஆனால் நவம்பர் ஒன்பதாம் தேதி அவள் கேலி செய்யவில்லை.

அன்றைக்குச் சைனிக்புரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சனிக்கிழமை. மாப்பிள்ளையின் அப்பா உங்களிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள், தலையாட்டினீர்கள். மறுநாள் இரண்டு ஆராதனை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? புதன்கிழமை கிரிஜா அக்கா மூலம் சொல்லியனுப்பினார்கள்: "பாஸ்டருக்கு இஷ்டமில்லை போலத் தெரியுது. வாயே திறக்கலை. நாங்க வற்புறுத்தலை." உங்களிடம் 'சரிப்பட்டு வரவில்லை' என்று மட்டும் சொன்னேன். காரணத்தை மறைத்தது நான். அனுபமாவுக்குத் தெரியும். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது.

அதற்காகத்தான் இரண்டு கோடு.

இன்னொன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் மறுமொழியைப் பற்றி எழுதிய இடத்தை வாசித்ததும் சமையலறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அது சபையின் உற்சாகம் இல்லை, அத்தான். அது நான்.

பெண்கள் பக்கம் முதல் பெஞ்சு, ஓரம். உங்கள் குரல் எந்த வரியில் கம்மும் என்று எனக்குத் தெரியும். ஜெபப் புத்தகத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். கம்முவதற்கு ஒரு மூச்சு முன்னால் மறுமொழியை உரக்க ஆரம்பித்துவிடுவேன். என்னைக் கேட்டுக் கிரிஜா அக்கா, அவரைக் கேட்டு மற்றவர்கள். பாட்டையும் உங்களுக்கு எட்டும் சுருதியில் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். உங்கள் குரல் உடைந்த இடமெல்லாம் எங்கள் சத்தத்துக்கு அடியில் போய்விடும். யாருக்கும் கேட்காது. உங்களுக்கும் கேட்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் மறுமொழி கிடையாது. மூன்று மணி நேரம் நான் வாயைத் திறக்க வழியில்லை. அதனால்தான் அன்று நின்றது எல்லோருக்கும் கேட்டது.

ஒத்தாசை என்று நினைத்துச் செய்தேன். நீங்கள் போட்ட ஒன்பதில் என் பங்கும் இருக்கிறது. இதை ஜெபத்தில் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜெஸ்ஸி


வேலூர்
21 மே 2025

அன்பு ஜெஸ்ஸி,

உன் கடிதத்தை நான்கு நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

முதலில் கோபம் வந்தது. ஒன்றரை வருடமாக ஒரு ஆலயம் முழுவதும் என்னோடு சேர்ந்து ஜெபிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எனக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு வெட்கம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

ரக்ஷிதா புதுத் தாள் கொடுத்தாள். "சார், இந்த வாட்டி பீடத்துல நிக்கிறவரா எழுதாதீங்க. வீட்டுக்குள்ள வர்றவரா எழுதுங்க" என்றாள். இரண்டு மணி நேரம் எடுத்தது. அறுபத்தெட்டு வந்திருக்கிறது. உன்னைவிட மூன்று குறைவு. அந்த மூன்றை எனக்கு விட்டுக்கொடு. இருபத்திரண்டாம் கேள்விக்கு நானே நான்கு போட்டேன்.

அனுபமாவுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன். 'அன்பு மகளே' என்பதற்கு மேல் போகவில்லை. அந்த வீட்டார் என்னைப் பற்றி நினைத்தது இத்தனை மாதம் எனக்குத் தெரியவே தெரியாது. அவளிடம் இப்போதைக்கு நீ ஒன்றும் சொல்லாதே.

மௌனம் முடிந்தது. முதலில் 'ம்' என்ற ஒலி மட்டும். இப்போது வாக்கியம் வருகிறது. பழைய குரல் இல்லை, ஆனால் உடையவில்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வீக்கம் வற்றியிருக்கிறது, ஆனால் இனி ஒரு நாளைக்கு மொத்தம் நாற்பது நிமிடம்தான் பேச்சு. ஆறு மாதத்துக்கு அப்படி. மீறினால் அறுவை சிகிச்சை; அதற்குப் பிறகு என்ன குரல் இருக்கும் என்று அவராலும் சொல்ல முடியாது. ஆறாம் தேதி வந்துவிடுவேன்.

உட்கார்ந்து பங்கு போட்டேன். வார நாளில்: திடப்படுத்தல் வகுப்பு இருபது, வியாதிக்காரர் வீட்டில் ஜெபம் பதினைந்து, போன் ஐந்து. சனி: மௌனம். ஞாயிறு: திருவிருந்து இருபது, பிரசங்கம் பதினைந்து, வாசலில் கைகுலுக்கும்போது ஐந்து. எப்படிக் கூட்டினாலும் நாற்பது வந்துவிடுகிறது. இரண்டாவது ஆராதனையையும் வீட்டுக்கூட்டங்களையும் ரஞ்சனிடம் விட்டுவிடலாம்.

வீட்டுக்கு என்று மிச்சம் இல்லை. நாம் எழுதிக்கொள்ளலாம், ஜெஸ்ஸி. யோசித்துப் பார், இந்த நான்கு கடிதத்தில் பேசிய அளவு இரண்டு வருடத்தில் நாம் பேசவில்லை. ஒரு நோட்டு வாங்கி மேசையில் வைப்போம்.

பட்டியலைக் கமிட்டியிடம் காட்டு. பெந்தெகொஸ்தே அன்று பேராயர் முன்னால் மட்டும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நீ செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு மட்டும் வழக்கம்போல முதல் பெஞ்சில் உட்கார். இந்த ஒரு தடவை தாங்கிக்கொள். வேலையைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைப் பிறகு பார்ப்போம். மேசையும் பேனாவுமாக என்னை உட்கார்த்திவைத்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

தேவசகாயம்


போவன்பள்ளி
26 மே 2025, திங்கள்

அன்பு அத்தான்,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அறுபத்தெட்டு என்று வாசித்ததும் ஸ்தோத்திரம் சொன்னேன். அந்த மூன்று உங்களுக்கே.

பட்டியலை ஐந்தாறு தடவை வாசித்தேன். கூட்டல் சரியாக இருக்கிறது.

நேற்று சைனிக்புரியிலிருந்து வந்த பாஸ்டர் ஆராதனை நடத்தினார். நான் முதல் பெஞ்சில் உட்காரவில்லை. கடைசிக்கு முந்தின பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே. கிரிஜா அக்கா மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். மறுமொழி வரவேண்டிய இடத்தில் யாரும் ஆரம்பிக்கவில்லை. அந்தப் பாஸ்டர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பியது. மெலிந்த சத்தம். அவரவர் குரல் தனித்தனியாகக் கேட்டது. பதினொரு வருடத்தில் சிலருடைய குரலை நேற்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

முடிந்ததும் ரஞ்சனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்பது, எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, முதல் பெஞ்சு, நாற்பது நிமிடம். வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். கீழ்ப்படியவில்லை. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார்.

"ஹவ்வா, நிஜமாவா? அப்போ இத்தனை நாள் நாங்க கேட்டது பாஸ்டரம்மாவையா?"

"பாதி" என்றேன்.

"கைக்கு, ஏன் மறைச்சீங்க? எங்க அப்பாவும் இந்த ஆலயத்துலதான் பாடகர் குழுவுல இருந்தார். தொண்டை போனப்போ எழுந்து நின்னு, எனக்கு முடியலைன்னு சொன்னார். யாரும் கல்லெடுத்து அடிக்கலையே." ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "நாலாம் தேதி புதன் கமிட்டி. நாற்பது நிமிஷப் பட்டியலைப் பாஸ்டர் எழுதித் தரட்டும். இந்தத் தடவை ரெண்டு பேர் சைனும் வேணும், அவரோடதும் உங்களோடதும். ஒருத்தர் போட்டதை இனி நான் நம்பமாட்டேன். ஓட்டு எப்படி விழும்னு எனக்குத் தெரியாது, முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார்.

ஆகவே வேலை போனாலும் போகலாம். அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்ய ஆரம்பித்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

எழுதிக்கொள்ளலாம் என்கிறீர்கள். எனக்கும் இந்தக் கடிதங்கள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் வேதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் சாம்பாரில் உப்பு சரியா என்று நோட்டில் எழுதிக் கேட்டுவிட்டு நான் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. அனுபமாவிடம் நீங்கள் சொல்லவேண்டியதை எழுதிக்காட்டினால் அவள் வாசிப்பாள், மடிப்பாள், தன் அறைக்குப் போவாள். உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றிய இடத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்றிருந்தீர்கள், தெரியும். "லெட்டர் வேண்டாம் மம்மி. டாடி வந்து நேர்ல சொல்லட்டும். ரெண்டு நிமிஷம் போதும்" என்றாள். அவள் என்னிடம் இத்தனை தமிழ் பேசி நாளாயிற்று.

பட்டியலை என் நோட்டில் புதிதாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். முதல் வரி: வீடு. அதற்குக் கீழேதான் வகுப்பு, வியாதிக்காரர், போன், பீடம் எல்லாம். வீட்டுக்கு எதிரே எண் போடாமல் விட்டிருக்கிறேன். உங்களுக்குப் பதிலாக நான் நிரப்புவது இனி இல்லை. அதை நீங்கள் போட்டு, மற்றவற்றை அதற்கேற்ப வெட்டுங்கள். பூஜ்யம் என்றுதான் உங்கள் மனதில் இருந்தால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். கமிட்டியில் அதை வாசித்துக்காட்டி, இதில் எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்வேன். அதனால் நாம் இந்த வீட்டைவிட்டுப் போகவேண்டி வந்தால் போவோம்.

பெந்தெகொஸ்தே அன்றைக்கும் நான் பின்னால்தான் உட்காருவேன். எட்டும்படி பேசுங்கள். எட்டாவிட்டால், கேட்கவில்லை என்று அங்கிருந்தே கையைத் தூக்குவேன். பேராயர் இருந்தாலும்.

புதன் நான்காம் தேதிக்குள் பட்டியல் என் கைக்கு வரவேண்டும். தபால் மூன்று நாள் எடுக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் போடுங்கள், அத்தான்.

ஜெஸ்ஸி